லேபிளை மறைத்தால் மட்டும் போதாது

எந்த வைன் என்று தெரியாமல் ருசித்துப் பார்க்கும் ‘பிளைண்ட் டேஸ்டிங்’கில், பாட்டிலைக் காகிதப் பையில் சுற்றினால் லேபிள்தான் மறையும், பாட்டிலின் தோள் மறையாது. சரிந்த தோளா, பிரான்ஸின் பர்கண்டி பகுதிப் பாட்டில். நிமிர்ந்த தோளா, அங்கேயே போர்டோ பகுதிப் பாட்டில். பையைத் தடவியே சொல்லிவிடுவார்கள். அதனால் ஒரே மாதிரி டிகேன்டர்களில் (வைன் ஊற்றிவைக்கும் கண்ணாடிக் குடுவைகளில்) ஊற்றிவிடுங்கள். பழைய வைன் சீக்கிரம் மணம் இழக்கும், அதைக் கடைசி நிமிடத்தில் ஊற்றினால் போதும். ஒருவர் ஊற்றி, இன்னொருவர் வரிசையைக் கலைத்து எண் ஒட்டினால் எது எதுவென்று இருவருக்கும் தெரியாது, இருவருமே ருசிக்கலாம்.

எட்டுப் பேர், ஆறு வைன், ஒவ்வொன்றிலும் தலைக்கு 50 மி.லி. 750 மி.லி. பாட்டில் ஒவ்வொன்றிலும் மிஞ்சும் 350 மி.லி. சாப்பாட்டுக்கு. சிவப்பு வைன் 16–18 டிகிரியில் இருக்கட்டும். சூடேறினால் ஆல்கஹால் நெடிதான் தூக்கும். நனைந்த அட்டை வாடை வந்தால் கார்க் கெட்டிருக்கிறது, மாற்று பாட்டில் ஒன்று கைவசம் வேண்டும்.

ருசித்ததை எல்லோரும் எழுதி முடிக்கும்வரை பேச்சு கூடாது. ஒருவர் ‘செர்ரி’ என்றால் போதும், எல்லோருக்கும் செர்ரி மணக்கத் தொடங்கிவிடும்.