காட்டு நிலம் நகராட்சிக்குப் போகும்போது

அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் பல சிற்றூர்களைச் சுற்றி நாலு பக்கமும் தேசிய வனம்தான். ஒரு கழிவுநீர் நிலையம் கட்டக்கூட ஊருக்குள் இடம் இருக்காது. அப்படிப்பட்ட நகராட்சி வனத்துறையிடம் நிலம் கேட்கப் போனால், முதல் தடுமாற்றம் விலையில் வருவதில்லை. எந்தச் சட்டத்தின் கீழ் கேட்பது என்பதில்தான் வருகிறது.

பக்கத்து ஊர் பூங்காவுக்கென்று மிகக் குறைந்த விலையில் மத்திய அரசின் நிலத்தை வாங்கியிருக்கும். விசாரித்தால் அது நில மேலாண்மைப் பணியகத்தின் நிலமாக இருக்கும். பணியகம் இன்டீரியர் துறையின் கீழ் வருவது (நம்மூர் உள்துறை மாதிரி போலீஸ் விவகாரம் பார்க்கும் துறை அல்ல). அந்த நிலத்துக்கு 1926ஆம் ஆண்டின் பொதுப்பயன் சட்டம் சலுகை தருகிறது. தேசிய வனங்களோ 1905 முதல் வேளாண் துறையின் கையில். அந்தச் சலுகை இங்கே செல்லாது.

வனத்துறைக்குப் பொருந்துபவை வேறு. 1983ஆம் ஆண்டின் சிறு நிலத்துண்டுச் சட்டத்தில் 2018இல் செய்த திருத்தத்தால், ஏற்கெனவே அனுமதி பெற்று இயங்கும் கல்லறை, குப்பைக் கிடங்கு, கழிவுநீர் நிலையம் ஆகியவற்றின் நிலத்தை விற்கலாம். மதிப்பு 5 லட்சம் டாலரைத் தாண்டக்கூடாது. 2000ஆம் ஆண்டுச் சட்டப்படி பள்ளி மாவட்டத்துக்கு (அரசுப் பள்ளிகளை நடத்தும் தனி அமைப்பு) 80 ஏக்கர் வரை பெயரளவு விலையில் தரலாம், ஆனால் வாங்குவது நகராட்சியாக இருக்க முடியாது. ஊர் விரிய வேண்டுமென்றால் 1958ஆம் ஆண்டின் டவுன்சைட் சட்டம்தான். அலாஸ்காவிலும் 11 மேற்கு மாநிலங்களிலும் ஒரு தடவைக்கு 640 ஏக்கர் வரை, சந்தை விலைக்கு. எதிலும் அடங்காவிட்டால் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸில் தனி மசோதா.

டவுன்சைட் மனுவை ரேஞ்சரிடமோ வன மேற்பார்வையாளரிடமோ கொடுக்கலாம். வரைபடத்தோடு வளர்ச்சித் திட்டமும் சேர்த்துத்தான் கொடுக்க வேண்டும். நிறைய மனுக்கள் அந்தத் திட்டத்தில்தான் அடிபடுகின்றன. உள்ளூர் மக்களுக்கான வீடு, பள்ளி, மருத்துவ வசதி, பூங்கா என்றால் சரி. ஊரின் குணத்தையே மாற்றிவிடும் புதுத் தொழிலுக்கும் வீட்டுத் திட்டத்துக்கும் விதியிலேயே இடமில்லை. கன்சல்டன்ட் பளபளப்பாக அச்சிட்ட 'பொருளாதார எழுச்சி' பக்கங்கள் மனுவுக்கே எதிர்ச் சாட்சியாகிவிடும். மனு தேறினால் உள்ளூர்ப் பத்திரிகையில் தொடர்ந்து 4 வாரம் அறிவிப்பு வரும். கருத்துச் சொல்ல மக்களுக்கு 45 நாள்.

அடுத்தது சர்வே. அரசு நில அளவையில் ஒரு டவுன்ஷிப் என்பது 36 சதுரங்கள். ஒவ்வொன்றும் கணக்குப்படி ஒரு சதுர மைல், 640 ஏக்கர். கணக்குப்படி மட்டும்தான். சங்கிலி பிடித்து அளந்த காலத்துப் பிழைகளையெல்லாம் வடக்கு, மேற்கு ஓரங்களில் தள்ளிவிடுவது அன்றைய விதி. அந்த ஓரத்தில் '40 ஏக்கர்' என்று நகராட்சியின் கணினி வரைபடம் காட்டும் துண்டு தரையில் 37 ஆகவும் இருக்கலாம், 43 ஆகவும் இருக்கலாம். முதல் சர்வேயர் நட்ட கல் எங்கே இருக்கிறதோ அங்கேதான் மூலை. அவர் தப்பான இடத்தில் நட்டிருந்தாலும் அதுதான் மூலை. கல்லே காணாமல் போயிருந்தால், மூலைக்கு அடையாளமாக அவர் பக்கத்தில் குறித்துவைத்த சாட்சி மரத்தைத் தேடுவார்கள். பட்டையைச் சீவி எண் வெட்டிய காயத்தின் மேல் மரம் வளர்ந்து மூடியிருக்கும். அந்த மூடலைப் பிளந்து எடுத்தால் உள்பக்கத்தில் எழுத்து கண்ணாடியில் தெரிவதுபோல் இடம் வலமாகப் பதிந்திருக்கும்.

வில்லங்கம் பார்ப்பதும் பத்திரத்தோடு முடிவதில்லை. மின்கம்பி, தண்ணீர்க் குழாய், பழைய சுரங்க உரிமைக் கோரிக்கை எல்லாவற்றையும் துருவ வேண்டும். மேய்ச்சல் உரிமத்தை ரத்து செய்ய 2 ஆண்டு முன்னறிவிப்பு தேவை. இதைக் கடைசியில் நினைத்துக்கொண்டால் அந்த 2 ஆண்டும் சும்மா கரையும்.

பலரும் எதிர்பார்க்காத இடம் தொல்லியல். அங்கே கட்டடம் கட்டப்போவதில்லை, நிலம் பெயர் மாறுவது மட்டும்தான் என்று நகராட்சி வாதிடும். ஆனால் பழம்பொருள் இருக்கும் நிலம், சட்டப்படி கட்டுப்படுத்தும் நிபந்தனை எதுவுமில்லாமல் மத்திய அரசின் கையை விட்டுப் போவதே பாதிப்பு என்கிறது விதி. எனவே பானை ஓடு கிடந்தாலும் பழைய மரம் அறுக்கும் முகாம் இருந்தாலும், மாநில வரலாற்றுச் சின்னப் பாதுகாப்பு அதிகாரியோடும் பழங்குடி அரசுகளோடும் பேசி முடித்த பிறகுதான் மேலே நகர முடியும்.

விலைக்கு இங்கே கைடுலைன் மதிப்பு கிடையாது. தனியார் கையில் இருந்தால் அந்த நிலம் அதிகபட்சம் எதற்குப் பயன்படுமோ அதன்படிதான் மதிப்பீடு. பூங்கா வைக்கப்போகிறோம் என்பதால் குறையாது. மதிப்பீட்டுக்கு ஆயுளும் குறைவு. ஆகவே எல்லையும் தொல்லியலும் தீராமல் அதைத் தொடங்குவது வீண் செலவு.

கடைசியில் கிடைப்பது கிரயப் பத்திரம் என்பதைவிட நம்மூர் விடுதலைப் பத்திரத்துக்குப் பக்கத்தில் வருவது: தனக்குள்ள உரிமையை அரசு விட்டுக்கொடுக்கிறது, அதற்குமேல் உத்தரவாதம் தராது. பணம் வந்து சேர்ந்தாலும், வனத்துக்கு ஒவ்வாத பயன்பாட்டைத் தடுக்கும் மண்டல விதியை நகர மன்றம் நிறைவேற்றாதவரை, கையெழுத்தான அந்தப் பத்திரம் வனத்துறை அலுவலகத்தில்தான் இருக்கும்.