ஆறு எழுத்தில் ஒரு பெட்டி: ஓரிகன் நாட்குறிப்பு

2 ஏப்ரல் 2005, சனி

இன்று காலை மேசையின் கீழ் இழுப்பறையைத் திறந்து, ஜியோகேஷிங்குக்காகக் கடந்த ஓராண்டில் நான் அச்சிட்டு வைத்த தாள்களை எல்லாம் வெளியே எடுத்தேன். 300 தாள்களுக்கு மேல் இருந்தன. மழையில் நனைந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டவையும் அவற்றில் உண்டு. இந்தப் பொழுதுபோக்கை அறியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒருவர் ஒரு பெட்டியை எங்கேனும் ஒளித்து வைத்து, அந்த இடத்தின் அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் இணையத்தில் வெளியிடுவார். மற்றவர்கள் ஜிபிஎஸ் கருவியுடன் தேடிச் சென்று, பெட்டிக்குள் இருக்கும் குறிப்பேட்டில் பெயரும் தேதியும் எழுதிவிட்டு, அதை எடுத்த இடத்திலேயே மீண்டும் மறைத்து வைக்க வேண்டும்.

என்னிடம் இருப்பது கார்மின் நிறுவனத்தின் மஞ்சள் நிற ஈட்ரெக்ஸ். இரண்டு ஏஏ பேட்டரிகளில் ஒரு நாள் முழுவதும் உழைக்கும்; 500 இடங்களை நினைவில் வைத்திருக்கும். ஆனால் ஓர் இடத்துக்கு அது அனுமதிக்கும் பெயர் ஆறு எழுத்து மட்டுமே. பெட்டி எத்தனை பெரியது, பாதை எந்தப் பக்கம் தொடங்குகிறது, ஒளித்தவர் தந்த துப்பு என்ன, கடைசியாகத் தேடியவர்கள் என்ன எழுதினார்கள் என்பவற்றுக்கெல்லாம் அதில் இடமில்லை. அந்தச் சொற்களைச் சுமப்பதற்காகத்தான் இவ்வளவு காலமும் காகிதத்தை நம்பியிருந்தேன்.

அந்தச் சுமையை இனி ஒரு கையடக்கக் கணினியிடம் ஒப்படைக்கலாம் என்று முடிவு செய்து, பாம் இயங்குதளத்தில் ஓடும் பழைய கருவி ஒன்றை இரண்டாம் கையாக வாங்கியிருக்கிறேன். 8 மெகாபைட் நினைவகம், 160க்கு 160 புள்ளிகள் கொண்ட கறுப்பு வெள்ளைத் திரை, இரண்டு ஏஏஏ பேட்டரிகள், எழுதுவதற்கு ஒரு சிறு குச்சி, அவ்வளவுதான். ஆண்டுக்கு 30 டாலர் கட்டும் உறுப்பினர்களுக்கு ஜியோகேஷிங் தளம் தரும் வசதி ஒன்று உண்டு: நாம் குறிப்பிடும் ஓர் இடத்தைச் சுற்றியுள்ள 500 பெட்டிகளின் விவரங்களை, ஒவ்வொன்றின் கடைசி ஐந்து பதிவுகளோடு சேர்த்து, ஜிபிஎக்ஸ் என்னும், ஜிபிஎஸ் இடத் தகவல்களுக்கான கோப்பாகச் சுருக்கி மின்னஞ்சலில் அனுப்பிவிடுவார்கள். அதை வீட்டுக் கணினியில் ஜிசாக் என்னும் மென்பொருளில் திறந்து, எண்களைச் சீரியல் வடம் வழியாக ஈட்ரெக்ஸுக்கும், சொற்களைப் பாம் கருவியில் உள்ள கேஷ்மேட் நிரலுக்கும் அனுப்பினேன். இரண்டும் முடிய அரை மணி நேரம் ஆனது. 500 பெட்டிகளும் இப்போது இரண்டு சட்டைப்பைகளில் அடங்கிவிட்டன.

5 ஏப்ரல் 2005, செவ்வாய்

இரண்டு கருவிகளுக்கும் இடையே எந்தத் தொடர்பும் கிடையாது. ஒன்று இருப்பது மற்றொன்றுக்குத் தெரியாது. இரண்டையும் இணைக்கும் ஒரே நூல் அந்த ஆறு எழுத்துப் பெயர்தான். ஒவ்வொரு பெட்டியின் குறியீடும் ஜி, சி என்ற இரண்டு எழுத்துகளில் தொடங்குவதால், அவற்றை வைத்திருப்பதில் பயனில்லை என்று தோன்றியது. அவற்றை நீக்கினால் மிஞ்சும் நான்கு எழுத்தே பெட்டியை அடையாளம் காட்டப் போதும். காலியான இரண்டு இடங்களில் முதலாவதில் பெட்டியின் வகையையும் இரண்டாவதில் அளவையும் குறிக்கும் எழுத்துகளை ஜிசாக்கைக் கொண்டே நிரப்பினேன். படச்சுருள் டப்பாவைத் தேடுகிறோமா, ராணுவத் தோட்டாப் பெட்டியைத் தேடுகிறோமா என்பதை ஈட்ரெக்ஸின் பட்டியலைப் பார்த்தவுடனே அறிந்துகொள்ளலாம். தேடும் கண் எதற்குப் பழக வேண்டும் என்பதை அது முன்கூட்டியே சொல்லிவிடுகிறது.

9 ஏப்ரல் 2005, சனி

இன்று மகளை அழைத்துக்கொண்டு ஃபாரஸ்ட் பார்க்குக்குச் சென்றேன். போர்ட்லாந்து நகர எல்லைக்குள்ளேயே 5,000 ஏக்கருக்கு மேல் பரந்து கிடக்கும் காடு அது. வைல்டுவுட் பாதை மட்டும் 30 மைல் நீளம். டக்ளஸ் ஃபிர் மரங்களும், பாசி போர்த்திய மேப்பிள் மரங்களும், கீழே பெரணியும் மண்டிய ஓடைப் பள்ளம் ஒன்றில்தான் எங்கள் பெட்டி இருந்தது.

ஜிபிஎஸ் கருவிக்கு இதைவிடக் கடினமான இடம் அமைவது அரிது. செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில், நிலநடுக்கோட்டுக்கு 55 பாகை சாய்ந்த பாதைகளில் சுற்றுகின்றன. அவை துருவத்தின் மேலே வருவதே இல்லை; ஆகவே 45 பாகை வடக்கே நிற்கும் நமக்கு வடக்கு வானத்தின் ஒரு பகுதி எப்போதும் வெறுமையாகவே இருக்கும், கோள்கள் பெரும்பாலும் தெற்கில்தான் தென்படும். ஃபாரஸ்ட் பார்க்கோ வடகிழக்கு நோக்கிச் சரியும் மலைச்சரிவு. கோள்கள் இருக்கும் தென்மேற்குத் திசையை மலையே மறைத்துவிடுகிறது. மறைக்காத திசையில் கோள்கள் குறைவு. எஞ்சிய சமிக்ஞைகளும் ஈர இலைகளில் வலுவிழந்தும், எதிர்ச்சரிவில் பட்டுத் திரும்பித் தாமதமாகவும் வருகின்றன. திருத்தத் தகவல் தரும் வாஸ் கோள்கள் இங்கிருந்து பார்த்தால் அடிவானத்துக்குச் சற்று மேலேதான் இருக்கின்றன. பள்ளத்துக்குள் இறங்கியபின் அவற்றின் உதவியும் இல்லை.

அம்புக்குறி முதலில் ஓடைக்கு அக்கரையைக் காட்டியது. அக்கரைக்குப் போனதும் இக்கரையைக் காட்டியது. ஈட்ரெக்ஸில் காந்தத் திசைகாட்டி கிடையாது. நாம் நடக்கும்போது மாறும் இடத்தைக் கொண்டே அது திசையைக் கணிக்கிறது. நின்றுவிட்டால் அம்புக்கு அடிப்படையே இல்லை. இது தெரிந்திருந்தும், நான் அம்பைப் பார்த்தபடியே ஈர மண்ணில் வட்டமடித்துக்கொண்டிருந்தேன்.

மகள் கையில் பாம் கருவி இருந்தது. நான்கு எழுத்தைத் தட்டி விவரத்தைத் திறந்து, துப்பையும் எடுத்துவிட்டாள். துப்பு நேரடியாகக் கண்ணில் படாதிருக்க, ஆங்கில எழுத்து ஒவ்வொன்றையும் 13 இடம் தள்ளி எழுதியிருப்பார்கள். கேஷ்மேட்டில் ஒரு தட்டில் அது அவிழ்ந்துவிடும்.

“அப்பா, அதையே பார்த்துக்கிட்டு இருக்காதீங்க. விழுந்த மரத்தோட வேர்ப் பக்கம், தண்ணிச் சத்தம் கேட்காத இடம்னு எழுதியிருக்கு. இங்கே தண்ணிச் சத்தம் நல்லாக் கேக்குதே?”

அவள் சொன்னது சரி. ஓடையை விட்டு மேலேறி, சத்தம் அடங்கும் இடத்தில் வேரோடு சாய்ந்து கிடந்த மரத்தைக் கண்டோம். தூக்கி நின்ற வேர்த் தட்டுக்குப் பின்னால் தோட்டாப் பெட்டி இருந்தது. அங்கிருந்து, மீதித் தூரம் சுழி (பூஜ்யம்) என்று கருவி காட்டிய இடம்வரை பிறகு அடியெடுத்து அளந்தேன். ஏறத்தாழ 20 மீட்டர். ஒளித்தவரின் கருவியும் இதே மரங்களின் கீழ்தான் அளந்திருக்கும் என்பதால், அவர் பிழையும் என் பிழையும் அந்த 20 மீட்டருக்குள் கலந்திருக்கின்றன. அதை அறிந்துதான் அவர் தண்ணீர்ச் சத்தத்தைத் துப்பாக வைத்தார் என்று நினைக்கிறேன். எந்தக் கருவியும் இல்லாமல் காதால் அளக்கக்கூடிய ஒன்றை அவர் தேர்ந்தெடுத்திருக்கிறார்.

திரும்பும் வழியில், தமிழில் துப்பு எழுதினால் எத்தனை எழுத்து தள்ள வேண்டும் என்று மகள் கேட்டாள். ஆங்கிலத்தில் 26 எழுத்து; பாதி 13; ஆகவே ஒருமுறை தள்ளினால் மறையும், இன்னொருமுறை தள்ளினால் பழையபடி வந்துவிடும். நமக்கு 247 எழுத்து. ஒற்றைப்படை என்பதால் பாதி இல்லை. “ஆய்த எழுத்தை மட்டும் தள்ளாம அப்படியே விட்டுட்டா 246, பாதி 123” என்றேன். வீடு வரும்வரை அவள் ‘அம்மா’வை 123 எழுத்து தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

16 ஏப்ரல் 2005, சனி

கொலம்பியா ஆற்றுப் பள்ளத்தாக்கில் நான்கு பெட்டிகளைத் தேடத் திட்டமிட்டிருந்தேன், கண்டது ஒன்று. தவறு முழுக்க என்னுடையது. பேட்டரி தீர்கிறது என்று கையடக்கக் கணினி வெள்ளிக்கிழமை இரவே எச்சரித்தும், ஒரு நாள் தாங்கும் என்று அலட்சியமாக இருந்துவிட்டேன். இவ்வகைக் கருவியில் தகவல்கள் அனைத்தும் மின்சாரம் இருக்கும்வரை மட்டுமே நிற்கும் நினைவகத்தில் இருக்கின்றன. பேட்டரியை மாற்ற ஒரு நிமிட அளவுக்குத்தான் அவகாசம். பாதையின் தொடக்கத்தில் மழை. மாற்றுப் பேட்டரிகள் பையின் அடியில், சாப்பாட்டுப் பொதிக்குக் கீழே. ஈரக் கையால் தேடி எடுத்துப் பொருத்தி இயக்கியபோது, குச்சியால் திரையின் நடுப்புள்ளியைத் தொடச் சொல்லி, புத்தம் புதுக் கருவிபோல அது என்னை வரவேற்றது. 500 பெட்டிகளின் சொற்களும் போய்விட்டன.

ஈட்ரெக்ஸ் பேட்டரி இல்லாமலும் தன் இடங்களை மறப்பதில்லை. ஆகவே எண்கள் எல்லாம் இருந்தன. சொல் ஒன்றுகூட இல்லை. பாறையிடுக்கில் இருந்த ஒரு பெட்டியை மட்டும், கற்கள் இயல்புக்கு மாறாக அடுக்கியிருந்ததைக் கொண்டு கண்டுபிடித்தேன். மற்ற மூன்று இடங்களிலும் சுழியில் நின்றும் எங்கே கை வைப்பது என்று தெரியவில்லை. இனி வெளியே போகும் ஒவ்வொரு நாளும், அன்று தேடப்போகும் பெட்டிகளின் துப்புகளை மட்டும் ஒரு துண்டுத் தாளில் கையால் எழுதிக்கொள்வேன்.

23 ஏப்ரல் 2005, சனி

தன் கருவி எப்போதும் ஒரே திசையில் ஏறத்தாழ 100 மீட்டர் தள்ளிக் காட்டுவதாகச் சொல்லி அலுவலக நண்பர் அதைக் கொண்டுவந்தார். பழுது ஒன்றும் இல்லை. அரசின் பழைய நிலவியல் வரைபடங்களோடு பொருத்துவதற்காக அட்சரேகையும் தீர்க்கரேகையும் எங்கிருந்து கணக்கிடப்படும் என்பதை வகுக்கும் அடிப்படை அளவைகளுள் 1927ஆம் ஆண்டினதை அதில் தேர்ந்தெடுத்திருந்தார். ஜியோகேஷிங்கில் எல்லாரும் பயன்படுத்துவது டபிள்யூஜிஎஸ் 84 என்னும் அளவை. மாற்றியதும் சரியாகிவிட்டது. பிழை ஒரே பக்கமாகவே விழுந்தால் அமைப்பைச் சரிபார்க்க வேண்டும். ஒவ்வொரு முறையும் வெவ்வேறு பக்கம் விழுந்தால் வானத்தைப் பார்க்க வேண்டும்.

1 மே 2005, ஞாயிறு

வரும் செவ்வாய்க்கிழமையோடு இந்தப் பொழுதுபோக்குக்கு ஐந்து வயது நிறைகிறது. அது பிறந்த இடம் எங்கள் வீட்டிலிருந்து காரில் போய்வரும் தூரத்தில் இருக்கும்போது போகாமல் இருக்க மனம் வரவில்லை. போர்ட்லாந்துக்குத் தென்கிழக்கே, பீவர்கிரீக் அருகே, வடக்கு 45° 17.460′, மேற்கு 122° 24.800′.

2000ஆம் ஆண்டு மே 1 அன்று, பொதுமக்களுக்கான ஜிபிஎஸ் சமிக்ஞையில் வேண்டுமென்றே சேர்க்கப்பட்டு வந்த பிழையை நிறுத்துவதாக அதிபர் கிளிண்டன் அறிவித்தார். அன்றிரவோடு 100 மீட்டர்வரை இருந்த பிழை 20 மீட்டருக்குள் சுருங்கியது. மே 3 அன்று டேவ் உல்மர் என்ற கணினி ஆலோசகர் இந்தச் சாலையோரத்தில் ஒரு பிளாஸ்டிக் வாளியைப் பாதி புதைத்து, அதில் புத்தகங்கள், மென்பொருள், கொஞ்சம் பணம், ஒரு கவண், ஒரு பீன்ஸ் டின் போன்றவற்றை வைத்து, எண்களை இணையச் செய்திக்குழுவில் வெளியிட்டார். மூன்று நாளில் மைக் டீக் அதை முதலில் கண்டுபிடித்தார். செப்டம்பர் 2 அன்று ஜெரமி ஐரிஷ் ஜியோகேஷிங் தளத்தைத் தொடங்கியபோது உலகம் முழுவதிலும் அதில் 75 பெட்டிகளே இருந்தன. அந்த வாளி இன்று இல்லை. 2003இல் பதித்த நினைவுத் தகடுதான் இருக்கிறது.

தகட்டின் அருகே நின்றபோது ஈட்ரெக்ஸ் 20 அடித் துல்லியம் காட்டியது. ஏறத்தாழ 6 மீட்டர். காரில் உட்கார்ந்து கணக்கிட்டேன்: 100 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தின் பரப்பு 31,400 சதுர மீட்டர், 6 மீட்டர் ஆரத்துக்கு 113. முன்னதைத் தேட ஒரு நாள் போதாது; பின்னதைக் குனிந்து தேடிவிடலாம். வானம் திறந்த இந்தச் சாலையோரத்தில் உல்மருக்கு எண்களே ஏறக்குறையப் போதுமாயிருந்தன. பெட்டிகள் காட்டுக்குள் நுழைந்த பிறகே சொற்களின் தேவை வளர்ந்திருக்கிறது என்று எனக்குப் படுகிறது.

15 மே 2005, ஞாயிறு

எங்கள் முதல் பெட்டியை வைக்க இடம் தேர்ந்தெடுத்து, அனுமதியும் பெற்றுவிட்டோம். அருகிலுள்ள வேறெந்தப் பெட்டியிலிருந்தும் 528 அடி தள்ளியிருக்க வேண்டும் என்ற விதியையும் சரிபார்த்தாயிற்று.

அளவெடுப்பதில் ஒரு நுட்பத்தைக் கவனித்தேன். ஒவ்வொரு செயற்கைக்கோளும் 12 மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாகவே ஒரு சுற்றை முடிப்பதால், இன்று மாலை 6 மணிக்கு வானில் இருக்கும் அமைப்பு நாளை அதே இடத்தில் 4 நிமிடம் முன்னதாகத் திரும்ப வரும். ஆகவே தினமும் ஒரே நேரத்தில் போய் அளந்தால், ஒரே பிழையைத் திரும்பத் திரும்ப அளந்து, எண்கள் ஒத்துப்போகின்றன என்று ஏமாறுவோம். காலை, நண்பகல், மாலை என ஒரு வாரத்தில் ஒன்பது முறை அளந்து சராசரி எடுத்தேன். ஒவ்வொரு முறையும் 20 மீட்டர் விலகிப் போய், வேறு திசையிலிருந்து நடந்து வந்து அளந்தோம். அட்சரேகை, தீர்க்கரேகை எண்களின் கடைசி இலக்கத்தில் ஒன்று கூடினாலோ குறைந்தாலோ இங்கே இடம் வடக்கு தெற்காக 1.85 மீட்டரும் கிழக்கு மேற்காக 1.3 மீட்டரும் நகரும். ஒன்பதில் ஒரு அளவு, கடைசி இலக்கத்தின் கணக்கில், 14 விலகியிருந்தது. அதை மட்டும் விட்டுவிட்டேன்.

விவரம் எழுதுவதற்கு அளவெடுப்பதைவிட அதிக நேரம் பிடித்தது. அழகான படங்களைப் போட்டு, முக்கியமான தகவலை அவற்றுக்குள் வைத்துவிடுபவர்கள் பலர். கேஷ்மேட்டில் படம் தெரிவதில்லை என்பதால் அந்தத் தகவல் காட்டில் நிற்பவருக்குக் கிடைப்பதே இல்லை. ஆகவே எல்லாவற்றையும் எழுத்தில் வைத்து, மிகத் தேவையானதை முதல் மூன்று வரிகளுக்குள் அடக்கி, என் கருவியின் சிறு திரையிலேயே ஏற்றிப் படித்துப் பார்த்தேன். துப்பை மகள் எழுதினாள்.

22 மே 2005, ஞாயிறு

தன்னார்வ மதிப்பீட்டாளர் வியாழக்கிழமை எங்கள் பெட்டியை ஏற்று வெளியிட்டார். வெள்ளிக்கிழமை விடியற்காலையிலேயே முதல் ஆள் கண்டுபிடித்துவிட்டார். இன்றுவரை மூன்று பதிவுகள். மூன்றாமவர் தன் அம்பு 40 அடி தள்ளி முட்புதருக்குள் இழுத்ததாகவும், துப்பைப் படித்ததும் திரும்பி வந்து எடுத்ததாகவும் எழுதியிருந்தார். மகள் அந்தப் பதிவை இரண்டு முறை சத்தமாகப் படித்தாள்.

மாலையில் புதிய ஜிபிஎக்ஸ் கோப்பு வந்தது. அதை இரண்டு கருவிகளிலும் ஏற்றி, பேட்டரிகளை மாற்றினேன். ஈட்ரெக்ஸின் பட்டியலில் எங்கள் பெட்டியும் மற்ற 499 பெட்டிகளோடு ஆறு எழுத்தில் நிற்கிறது. குறிப்பேட்டில் ஈரம் ஏறத் தொடங்கியிருப்பதாக இரண்டாமவர் எழுதியிருக்கிறார். சனிக்கிழமை ஒரு நெகிழிப் பையும், சீவிய பென்சில் ஒன்றும் கொண்டுபோக வேண்டும்.