ஏறி இறங்கும் சங்கு

2025 மே 7 அன்று நாட்டின் 244 குடிமைப் பாதுகாப்பு மாவட்டங்களில் போர்க்கால ஒத்திகை நடக்கும் என்று மத்திய உள்துறை அமைச்சகம் அறிவித்தபோது, மும்பையின் செம்பூரில் நாங்கள் வசிக்கும் கட்டடத்தின் வாட்ஸப் குழுவில் அதைப் பற்றி ஆங்கிலத்தில் செய்திகள் குவிந்தன. தண்ணீர் சேமித்து வையுங்கள், டார்ச் விளக்கு வைத்துக்கொள்ளுங்கள், பதற்றப்படாதீர்கள் என்று ஒவ்வொன்றாக அம்மாவுக்குப் படித்துச் சொல்லிக்கொண்டிருந்தேன். பாதியில் நிறுத்தி அவர் கேட்டது ஒன்றுதான்: "சங்கு எப்படி ஊதும்னு அதுல போட்டிருக்கா?"

அபாயத்தை அறிவிக்கும் சைரனைத்தான் அவர் சங்கு என்றார். போட்டிருக்கவில்லை.

அம்மா கல்யாணமாகி கல்லிடைக்குறிச்சியிலிருந்து மாட்டுங்காவுக்கு வந்தது 1971இல். டிசம்பர் 3 மாலை பாகிஸ்தான் விமானங்கள் நம் விமானத் தளங்களைத் தாக்கிப் போர் மூண்டபோது அவருக்கு இருபது வயது. தமிழைத் தவிர வேறு மொழி தெரியாது. அப்பாவுக்கு டிராம்பே எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் இரவுப் பணி. எதிரி குறிவைக்கக்கூடிய இடம் என்று ஊரே பேசிக்கொண்ட ஆலைக்குக் கணவனை அனுப்பிவிட்டு, இருட்டடிப்பு செய்யப்பட்ட ஒற்றை அறையில் தனியாக உட்கார்ந்திருந்த அந்த இரவுகளைப் பற்றி அவர் அதிகம் பேசுவதில்லை. பேசும்போது வேலைகளைத்தான் சொல்வார். மைதா பசை காய்ச்சி ஜன்னல் கண்ணாடிகளில் காகிதப் பட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டினார்கள். கண்ணாடி நொறுங்கினாலும் சில்லுகள் தெறிக்காமல் இருப்பதற்கு அது. அதன்மேல் கறுப்புத் தாள். பொழுது சாய்வதற்குள் சமையலை முடித்து ஸ்டவ்வை அணைத்துவிட வேண்டும். கீழே தெருவில் குடிமைப் பாதுகாப்பு வார்டன் "லைட் பந்த் கரோ", விளக்கை அணையுங்கள், என்று கத்திக்கொண்டு போவார். அம்மா கற்றுக்கொண்ட முதல் இந்தி வாக்கியம் அதுதான்.

ஊருக்கு எழுதும் கடிதங்களில் வழக்கமான தபால்தலையோடு அகதிகள் நிவாரணத்துக்கான ஐந்து பைசா தபால்தலையையும் கூடுதலாக ஒட்ட வேண்டியிருந்ததையும் அவர் மறக்கவில்லை. கிழக்கு வங்காளத்திலிருந்து ஏறத்தாழ ஒரு கோடிப் பேர் வந்து சேர்ந்திருந்த ஆண்டு அது.

சங்கு விஷயத்தில்தான் அவர் தவித்துப்போனார். அபாயச் சங்கு இரண்டு நிமிடம் ஏறி இறங்கி, ஏறி இறங்கி ஊதும். அபாயம் நீங்கியதற்கான சங்கு இரண்டு நிமிடம் ஒரே சீராக ஊதும். வார்டன் மராத்தியிலும் இந்தியிலும் விளக்கியிருந்தார், அம்மாவுக்கு அது போய்ச் சேரவில்லை. முதல் இரண்டு இரவுகளும் இரண்டாவது சங்கைக் கேட்டு இன்னொரு தாக்குதல் வருகிறது என்று நினைத்து, விடியும்வரை கட்டிலுக்கு அடியிலேயே கிடந்திருக்கிறார். மூன்றாம் நாள் காலையில் அவர் முகத்தைப் பார்த்த பக்கத்து அறை மராத்திக்காரப் பெண்மணி, அம்மா கடைசிவரை காகூ என்று அழைத்தவர், எதிரில் உட்கார்ந்து ஒரு சொல்லும் பேசாமல் கையை அலைபோல மேலும் கீழும் ஆட்டி அம்மாவைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார். பிறகு அதே கையை நேர்கோட்டில் நீட்டி இழுத்து, அவரை வெளியே கூட்டிவந்தார். டிசம்பர் 17இல் மேற்கு எல்லையில் போர் நிற்கும்வரை அம்மாவைக் காப்பாற்றியது அந்தக் கைதான் என்று நான் நம்புகிறேன். மும்பையில் குண்டு விழவில்லை என்பது அந்த இருட்டில் அவருக்கு எப்படித் தெரிந்திருக்கும்?

இதே நகரில் தாத்தா கோட்டைப் பகுதியில் குமாஸ்தாவாக இருந்த 1944இல், ஜப்பானிய விமானங்களை எதிர்பார்த்து வானத்தைக் கண்காணிக்க எல்லா ஏற்பாடுகளும் இருந்தன. ஆனால் ஏப்ரல் 14 அன்று பிற்பகல் நான்கு மணி கடந்ததும் விக்டோரியா கப்பல்துறையில் வெடித்தது, ஏறத்தாழ 1,400 டன் வெடிபொருளையும் பஞ்சுப் பொதிகளையும் சேர்த்து ஏற்றிவந்த ஃபோர்ட் ஸ்டிகைன் என்ற கப்பல். வெடிபொருள் இருப்பதை அறிவிக்கும் சிவப்புக் கொடி அதில் ஏற்றப்படவில்லை. தீயை அணைக்கப் போன தீயணைப்பு வீரர்களில் 66 பேர் மாண்டார்கள். அவர்கள் நினைவாகத்தான் இன்றும் அந்த நாள் தீயணைப்புச் சேவை தினமாக அனுசரிக்கப்படுகிறது. வானத்தைப் பார்க்க அத்தனை பேரை அமர்த்திய நகரில், பக்கத்தில் நிற்பவனுக்கு ஒரு துண்டுத் துணியால் சொல்லியிருக்கக்கூடிய செய்தி சொல்லப்படாமல் போயிற்று. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஆறுவதில்லை.

மே 7 மாலை கிராஸ் மைதானத்தில் ஒத்திகை நடந்தது. எங்கள் கட்டடத்திலோ, ஆங்கிலக் குழுவில் இல்லாத காவலாளிக்கும், நான்கு வீடுகளில் வேலை செய்யும் பெண்ணுக்கும், மூன்றாம் மாடியில் தனியாக இருக்கும் எண்பது வயது மாமிக்கும் எதுவும் தெரியாது. மின்சாரம் நின்றால் லிஃப்ட் நிற்கும். அந்த மாமியை யார் கீழே கொண்டுவருவது என்று நாற்பது வீடுகளில் ஒருவரும் கேட்டுக்கொள்ளவில்லை. நானும் கேட்கவில்லை, அதற்காக வெட்கப்படுகிறேன்.

மறுநாள் எந்தச் சங்குக்கு என்ன பொருள் என்று மராத்தி, இந்தி, தமிழ், ஆங்கிலம் நான்கிலும் எழுதி மாடிப்படிக்கு அருகில் ஒட்டினேன். மாமிக்கு இரண்டாம் மாடிப் பையன்கள் இருவர் பொறுப்பேற்றிருக்கிறார்கள். காவலாளிக்குப் படிக்கத் தெரியாது என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அம்மா கீழே இறங்கிப்போய், அவர் எதிரே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, கையை அலைபோல மேலும் கீழும் ஆட்டிக் காட்டினார்.