வாடகைக்கு விட வீடு வாங்குமுன்: பதினேழு வருடக் கணக்கு

சென்னையில் மேடவாக்கம் பக்கம் 60 லட்சத்துக்கு ஒரு பழைய டூ பெட்ரூம் ஃபிளாட், வாடகை 18,000 என்று வைத்துக்கொள்வோம். இந்த அளவு கடனுக்கு வங்கி அதிகபட்சம் 80 சதவீதம் தரலாம், 48 லட்சம். மீதி 12 லட்சம் நம்முடையது. முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம்; அது இன்னொரு 5.4 லட்சம். இதைக் கடன் கணக்கில் சேர்க்க மாட்டார்கள். புரோக்கர் கமிஷன், பெயின்ட், பைப் வேலை எல்லாம் சேர்த்தால் கையிலிருந்து 19 லட்சம் போய்விடும். இதற்காக வீட்டு நகையை அடகு வைக்கவே வேண்டாம். நகைக்கடன் வட்டியும் வீட்டுத் தவணையும் ஒரே சம்பளத்தில் விழுந்தால் ஆஸ்பத்திரிச் செலவுக்குக்கூடக் கை நீட்ட வேண்டிவரும்.

ஆனால் பெரிய தியாகம் இந்த 19 லட்சம் இல்லை. எட்டரை சதவீத வட்டியில் 20 வருடத்துக்கு மாதத் தவணை சுமார் 41,650. வாடகை போக மாதம் 23,650 சம்பளத்திலிருந்து போகிறது. வாடகை வருடத்துக்கு 5 சதவீதம் ஏறினாலும், அது தவணையை நெருங்கவே 17 வருடம் ஆகும். இன்று ஒன்றாம் வகுப்பில் இருக்கும் பிள்ளை காலேஜை முடித்திருக்கும். அதுவரை இந்தப் பணம் வீட்டில் யாருடைய எந்தச் செலவை நிறுத்தி வரப்போகிறது என்று கணவனும் மனைவியும் சேர்ந்து உட்கார்ந்து எழுதிப் பார்த்தே ஆக வேண்டும். ஒருவர் மட்டும் முடிவெடுத்து மற்றவர் சுமக்கும் வீடுகளில்தான் மனக்கசப்பு மிஞ்சுகிறது.

இன்னொரு இழப்பைப் பலர் கவனிப்பதில்லை. கைக்கு வரும் சம்பளம் ஒரு லட்சம் என்றால், அதில் பாதிக்கு மேல் தவணைக்குப் போவதை வங்கிகள் பொதுவாக ஏற்பதில்லை. 41,650 ஏற்கெனவே போய்க்கொண்டிருந்தால், குடியிருக்க ஒரு வீடு வாங்கக் கடன் கேட்கும்போது பெரிதாக ஒன்றும் கிடைக்காது. நமக்கு ஒரு வாடகைதாரர் இருப்பார். நாமும் பல வருடம் வாடகை வீட்டிலேயே இருப்போம்.

வரிச் சலுகை ஈடுகட்டும் என்பார்கள். பழைய வரி முறையில், வீட்டு வருமான நஷ்டத்தில் வருடத்துக்கு 2 லட்சம் வரைதான் சம்பளத்தில் கழிக்கலாம். புதிய முறையில் அதுவும் இல்லை.

அட்வான்ஸ் நம் பணமே இல்லை. ஆறு மாத அட்வான்ஸ் என்றால் 1,08,000. அதைத் தவணையில் போட்டுவிட்டு, காலி செய்கிறவரிடம் "அடுத்த ஆள் வந்ததும் தருகிறேன்" என்று இழுப்பது அநியாயம். அவர் புது வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்க அந்தப் பணத்தைத்தான் நம்பியிருப்பார். வாங்கிய அன்றே தனி டெபாசிட்டில் போட்டுவிடுங்கள்.

அடுத்தது, வீடு காலியாகக் கிடக்கும் மாதங்கள். சென்னையில் ஆடியிலும் மார்கழியிலும் பெரும்பாலோர் வீடு மாற மாட்டார்கள். ஆவணியில், செப்டம்பர் 1-இல் குடிவைத்து வழக்கமான 11 மாத ஒப்பந்தம் போட்டால், அது ஜூலை 31-இல், நட்ட நடு ஆடியில் முடியும். தையில், பிப்ரவரி 1-இல் போட்டது டிசம்பர் 31-இல், மார்கழியில் முடியும். வெள்ளையடித்து, ஆள் பிடித்து முடிப்பதற்குள் இரண்டு வாடகை போய்விடும். முதல் ஒப்பந்தத்தை 9 மாதத்துக்குப் போடுங்கள்: செப்டம்பரில் தொடங்கியது மே கடைசியில் முடியும். பள்ளி லீவு, வீடு தேடுகிறவர்கள் அலையும் நேரம். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டப்படி எத்தனை மாதமானாலும் ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டு வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும் என்பதால், பதிவைத் தவிர்க்கப் போட்டுவந்த 11 மாதத்தைக் கட்டிக்கொண்டு அழ அவசியமில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளைத் தின்பது பாத்ரூம். உப்புத் தண்ணீரில் ஷவர் ஓட்டைகள் வெள்ளையாக அடைத்துக்கொள்ளும். அதை வினிகரில் ஊறவைத்தால் சரியாகும். டைல்ஸ் இடுக்கில் போட்ட சிமென்ட் உதிர்ந்தால்தான் ஆபத்து. தண்ணீர் மெதுவாக இறங்கி, கீழ்வீட்டுக்காரர் சீலிங்கில் பழுப்பு வளையம் தெரியும்போதுதான் நமக்கே தெரியவரும். அப்போது மேலே ஒயிட் சிமென்ட் பூசி ஒப்பேற்றினால் அடுத்த மழைக்காலத்துக்குள் மறுபடி கசியும். தரையை உடைத்து, வாட்டர்ப்ரூஃப் பூசி, காய்ந்ததும் நஹானி ட்ராப்பை, அதாவது தரையில் தண்ணீர் வெளியேறும் துளையை, அடைத்து இரண்டு அங்குலம் தண்ணீர் கட்டி 48 மணி நேரம் விடுங்கள். கீழ்வீட்டுச் சீலிங்கைத் தொட்டுப் பார்த்து, ஈரம் இல்லை என்றால்தான் டைல்ஸ் போடச் சொல்ல வேண்டும். மேஸ்திரி அவசரப்படுவார். அந்த இரண்டு நாளும் யாராவது ஒருவர் லீவு போட்டு அங்கே இருங்கள்.