பாம்பு பிடிக்க பர்மிட் வாங்கியவர்கள்

நல்ல பாம்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு ரீல்ஸ் போடும் தம்பிகள் பலருக்கு, அது சட்டப்படி வேட்டைக் குற்றம் என்று தெரிந்திருக்காது. 1972-இல் வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி கொன்றால்தான் வேட்டை என்றில்லை, பிடிப்பது, பொறி வைப்பது, முட்டையை உடைப்பது எல்லாமே அதற்குள் வந்துவிடும். சரி, அவர்களை விடுங்கள். இந்தச் சட்டத்தால் நிஜமாகவே வயிற்றில் அடி வாங்கியவர்கள் இருளர்கள்.

செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர்ப் பக்கத்து இருளர்கள் ஒரு காலத்தில் பாம்புத் தோலுக்காகவே பாம்பு பிடித்தார்கள். அந்தத் தோல் வெளிநாட்டுக்குப் போய் கைப்பையாகவும் செருப்பாகவும் ஆனது, பிடித்தவர் கையில் சில்லறைதான் மிஞ்சியது, காசு பார்த்தவர்கள் தோல் வியாபாரிகள். 1972 சட்டத்துக்குப் பின் 1976-இல் பாம்புத் தோல் ஏற்றுமதியும் தடை செய்யப்பட்டது. தடை சரிதான், வயலில் எலி தின்னும் சாரையை லட்சக்கணக்கில் உரித்து அனுப்பிக்கொண்டிருந்தால் விவசாயம் என்னாவது? ஆனால் வியாபாரிக்கு வேறு சரக்கு கிடைத்துவிடும், பாம்புத் தடம் பார்ப்பது தவிர வேறு தொழில் கைவசம் இல்லாத இருளர் எங்கே போவார்?

அதற்கு வழி பாம்பு நஞ்சில் கிடைத்தது. உயிர் காக்கும் மருந்து செய்ய நஞ்சு எடுப்பதென்றால் அனுமதி தரலாம் என்கிறது அதே சட்டத்தின் 12-ஆம் பிரிவு. பாம்பு ஆய்வாளர் ராமுலஸ் விட்டேக்கரின் முயற்சியும் சேர்ந்து 1978-இல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் உருவானது. கிழக்குக் கடற்கரைச் சாலையில், வடநெம்மேலி முதலைப் பண்ணை வளாகத்திலேயே இருக்கிறது.

அங்கே பாம்புகளை மண்பானைக்குள் மணல் போட்டு, பானை வாயைத் துணியால் கட்டி வைத்திருப்பார்கள். நஞ்சு எடுக்கும்போது தலைக்குப் பின்னால் பிடித்து, சவ்வு கட்டிய கண்ணாடிக் குடுவையைக் கடிக்க வைப்பார்கள், மஞ்சளாகச் சில சொட்டு விழும், அவ்வளவுதான். கொஞ்ச நாள் வைத்திருந்து சிலமுறை எடுத்தபின், வயிற்றுச் செதிலில் சின்னதாக ஒரு அடையாளம் வெட்டிக் காட்டில் விட்டுவிடுவார்கள். அந்த அடையாளம் இருந்தால் அதே பாம்பை உடனே மறுபடி பிடிக்க மாட்டார்கள். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன், இந்த நாலு மட்டும்தான், அதிலும் எத்தனை பிடிக்கலாம் என்று வனத்துறைதான் எண்ணிக்கை சொல்லும். உத்தரவு தாமதமானால் அதுவரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். இதில்தான் எனக்குக் கோபம். நாட்டில் தயாராகும் பாம்புக்கடி மருந்துக்கான நஞ்சில் பெரும்பகுதி இங்கிருந்துதான் போகிறது, இந்தியாவில் வருடத்துக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்புக்கடியில் சாகிறார்கள் என்று 2020-இல் வந்த ஓர் ஆய்வு கணக்குச் சொன்னது, அப்படியிருக்க அந்த அனுமதி ஃபைலை மேசை மேசையாக நகர விடுவார்களா?

இந்தச் சங்கத்து மாசி சடையனும் வடிவேல் கோபாலும் 2017-இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்கு அழைக்கப்பட்டார்கள். அங்கே பர்மிய மலைப்பாம்பு வெளியிலிருந்து வந்து பெருகி, உள்ளூர் விலங்குகளைத் தின்று தீர்த்துக்கொண்டிருந்தது, அங்குள்ள அரசே பிடிக்கச் சொல்லிக் காசு கொடுக்கிறது. இவர்கள் இரண்டு வாரத்துக்குள் 13 பாம்பைப் பிடித்தார்கள். இங்கே குற்றமாகிப்போன அதே கைவித்தைக்காக டிக்கெட் போட்டுக் கூப்பிட்டார்கள்! 2023-இல் இருவருக்கும் பத்மஸ்ரீ கொடுத்தார்கள்.

அப்புறம் நரிக்குறவர்கள். அவர்களும் வேட்டையை நம்பி இருந்தவர்கள்தான், அவர்கள் தொழிலையும் இதே சட்டம்தான் நிறுத்தியது, ஆனால் அவர்களுக்கு 12-ஆம் பிரிவு எதையும் திறந்துவிடவில்லை. 2023-இல் பழங்குடியினர் பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள், நல்லது. அதற்கு முந்தைய ஐம்பது வருடமும் பஸ் ஸ்டாண்டில் பாசிமணி விற்றே போய்விட்டது.