ரட்கர்ஸ் ஏன் தோற்றுக்கொண்டே இருக்கிறது?

மிச்சிகன் 78, ரட்கர்ஸ் 0.

2016 அக்டோபர் 8 அன்று, நியூ ஜெர்சி பிஸ்காட்டவேயில், எங்கள் ரட்கர்ஸ் பல்கலைக்கழக ஃபுட்பால் அணியின் சொந்த மைதானத்தில் வந்த ஸ்கோர் இது. ரட்கர்ஸ் புள்ளி எடுத்தால் வெடிப்பதற்கென்று மைதானத்தில் ஒரு பீரங்கி உண்டு. அன்று அதற்கு அந்த வேலை வரவே இல்லை. மிச்சிகன் 600 யார்டு முன்னேறியது, நாங்கள் 39. அமெரிக்க ஃபுட்பாலில் நாலு முயற்சிக்குள் பத்து யார்டு நகர்ந்துவிட்டால் ‘ஃபர்ஸ்ட் டவுன்’ என்று மறுபடி நாலு முயற்சி தருவார்கள். எங்களுக்கு முதல் ஃபர்ஸ்ட் டவுன் கிடைத்தது கடைசிக் கால்பகுதியில். கோப்பையே வென்றுவிட்ட மாதிரி எழுந்து கைதட்டினோம். அந்தக் கைதட்டலில் கிண்டல் எவ்வளவு, பாசம் எவ்வளவு என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியாது.

நான் ரட்கர்ஸில் எம்.எஸ். படித்துவிட்டு, ஊர் திரும்பாமல் பக்கத்து ஊரான எடிசனிலேயே தங்கிப்போன கூட்டத்தில் ஒருவன். ஓக் ட்ரீ சாலையில் சனிக்கிழமை மளிகைக்குப் போகும் தமிழர்களில் பாதிப் பேருக்கு ரட்கர்ஸோடு ஏதாவது ஒரு தொடர்பு இருக்கும்; மகளோ மருமகனோ அங்கே படித்திருப்பார்கள். ஆனால் ஃபுட்பால் என்றதும் “அது எதுக்கு சார் நமக்கு” என்று நகர்ந்துவிடுவார்கள். நான்தான் மாட்டிக்கொண்டேன்.

தோற்கும்போதெல்லாம் கோச்சைத் திட்டுவது இங்கே வழக்கம். நானும் திட்டுவேன். ஆனால் கோச் மாறினாலும் கதை மாறவில்லையே. கைல் ஃப்ளட் போனார், கிறிஸ் ஆஷ் வந்தார். 2016, 2018, ஆஷைப் பாதியில் நீக்கிய 2019 என மூன்று சீசன்களில் கான்ஃபரன்ஸ் ஆட்டங்களில், அதாவது சேர்ந்து ஆடும் கல்லூரிகளின் கூட்டமைப்புக்குள், 0-9: ஒன்பதும் தோல்வி. அப்புறம் பழைய நாயகன் கிரெக் ஷியானோவை எட்டு வருடத்துக்கு 3.2 கோடி டாலர் ஒப்பந்தத்தில் திரும்பக் கூட்டிவந்தார்கள். மனுஷன் நிலைமையைத் தூக்கி நிறுத்தினார், மறுக்கவில்லை. இருந்தும் எங்கள் கான்ஃபரன்ஸான பிக் டென்னில் சேர்ந்த 2014 முதல் 2024 வரை ஒரு சீசனில்கூட நாலு கான்ஃபரன்ஸ் வெற்றியைத் தாண்டியதில்லை.

என் கட்சி இதுதான்: பிக் டென் எங்களைச் சேர்த்தது எங்கள் ஆட்டத்தைப் பார்த்து அல்ல, எங்கள் முகவரியைப் பார்த்து. மற்றதெல்லாம் அதிலிருந்து வந்த வினை.

கொஞ்சம் பின்னால் போக வேண்டும். 1869 நவம்பர் 6 அன்று நியூ பிரன்ஸ்விக்கில் ரட்கர்ஸும் பிரின்ஸ்டனும் மோதியதைத்தான் அமெரிக்காவின் முதல் கல்லூரி ஃபுட்பால் ஆட்டம் என்கிறார்கள். 6-4 என்று ரட்கர்ஸ் ஜெயித்தது. அதற்குப் பிறகு நூறு வருடம் பிரின்ஸ்டன், லாஃபயெட், லீஹை என்று அக்கம்பக்கத்துக் கல்லூரிகளோடு நிம்மதியாக ஆடிக்கொண்டிருந்த அணி இது. 1976-ல் 11 ஆட்டங்களையும் ஜெயித்தது. அந்தக் காலகட்டத்தில்தான் பெரிய இடத்துக்குப் போகும் ஆசை வந்தது. அதாவது ஒஹையோ ஸ்டேட்டும் மிச்சிகனும் தலைமுறை தலைமுறையாகக் கட்டியதை, நாங்கள் பாதி வழியில் ஆரம்பித்தோம். அது வேண்டாம், படிப்பைக் கவனியுங்கள் என்று 1990-களில் பேராசிரியர்களும் பழைய மாணவர்களும் ‘ரட்கர்ஸ் 1000’ என்று ஒரு இயக்கமே நடத்தினார்கள். இங்கே படித்த பொருளாதார மேதை மில்டன் ஃப்ரீட்மனே அவர்கள் பக்கம் நின்றார். நிர்வாகம் கேட்கவில்லை.

கேட்காததற்குப் பலன் கிடைத்த மாதிரி ஓர் இரவு வந்தது. 2006 நவம்பர் 9, வியாழக்கிழமை. தேசியத் தரவரிசையில் மூன்றாம் இடத்தில் இருந்த லூயிவில் அணி எங்கள் மைதானத்துக்கு வந்தது. ஒரு கட்டத்தில் 25-7 என்று பின்தங்கியிருந்தோம். கடைசி நிமிடத்தில் 25-25. உதைக்கும் பந்து இரண்டு கம்பத்துக்கு நடுவே போனால் மூன்று புள்ளி. எங்கள் ஜெரமி ஈட்டோ உதைத்த பந்து கம்பத்துக்கு வெளியே போயிற்று. போச்சு என்று தலையில் கைவைத்தால், லூயிவில் வீரர் ஒருவர் பந்து கிளம்புமுன் கோட்டைத் தாண்டிவிட்டார் என்று நடுவர் கொடி வீசியிருந்தார். மறுபடி உதை. இந்தத் தடவை நேராக உள்ளே. பாக்கி 13 வினாடி. அப்புறம் மாணவர்கள் மொத்தப் பேரும் மைதானத்துக்குள் குதித்தார்கள். எனக்கு அன்று ஆட்டத்தின் விதிகள் முழுதாகத் தெரியாது, நானும்தான் கத்தினேன். நியூயார்க்கில் எம்பயர் ஸ்டேட் கட்டடத்துக்கு எங்கள் சிவப்பு விளக்கைப் போட்டிருந்தார்கள்.

அதே 2006-ல்தான், பணமில்லை என்று சொல்லி வாள்வீச்சு, ஆண்கள் நீச்சல், டென்னிஸ், துடுப்புப் படகு என ஆறு அணிகளைக் கலைப்பதாகவும் அறிவித்தார்கள். விளக்கு வெளிச்சத்தில் அது யார் கண்ணிலும் படவில்லை.

நியூயார்க் விளக்கு போட்டது பிக் டென் கண்ணில் மட்டும் நன்றாகப் பட்டிருக்க வேண்டும். 2007-ல் அவர்கள் சொந்த டிவி சேனல் தொடங்கினார்கள். தங்கள் கல்லூரி இருக்கும் மாநிலத்தில் அந்தச் சேனலுக்கு வீட்டுக்கு இவ்வளவு என்று கேபிள் கம்பெனி தரும் கட்டணம் அதிகம். வெளி மாநிலத்தில் சொற்பம். நியூ ஜெர்சியிலும் நியூயார்க் வட்டாரத்திலும் எத்தனை லட்சம் கேபிள் இணைப்பு! நீங்கள் மேட்ச் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும், சன் டிவி சீரியல் மட்டுமே பார்த்தாலும், மாதாமாதம் பில்லில் அது சேர்ந்துவிடும். கணக்குப் போட்டார்கள். 2012 நவம்பரில் அடுத்தடுத்த நாள் மேரிலாண்டுக்கும் எங்களுக்கும் அழைப்பு. 2014 ஜூலையில் உள்ளே போனோம்.

உள்ளே போன மறுநாளே பணம் கொட்டியிருக்கும் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். இல்லை. எங்களுக்கு முழுப் பங்கு கிடையாது, பல வருடம் படிப்படியாகத்தான் ஏற்றினார்கள். ஆனால் ஆட்டம் முதல் நாளே முழு ஆட்டம். பிக் டென்னில் 2023 வரை இருந்த ஈஸ்ட் பிரிவில் வருடா வருடம் ஒஹையோ ஸ்டேட், மிச்சிகன், பென் ஸ்டேட், மிச்சிகன் ஸ்டேட் நால்வரையும் சந்தித்தே ஆகவேண்டியிருந்தது. மிச்சிகன் மைதானத்தில் ஒரு லட்சத்துக்கும் மேல் ஆட்கள் உட்காரலாம், எங்களுடையதில் 52 ஆயிரம் சொச்சம். டிக்கெட், பார்க்கிங், நன்கொடை எல்லாம் அந்த விகிதத்தில்தானே வரும். சமாளிக்க, பிக் டென்னிடமே வரப்போகும் பங்கிலிருந்து முன்பணம் வாங்கினார்கள். முதல் மாதச் சம்பளம் வருமுன் பெரிய வீட்டுக்குக் குடிபோனவன் கதைதான்.

அந்த 52 ஆயிரம் இருக்கையிலும் யார் உட்காருகிறார்கள் என்று பாருங்கள். பென் ஸ்டேட் வரும் நாளில் பஸ்ச் வளாகத்துப் பார்க்கிங்கில் கறி சுடும் புகைக்கு நடுவே நடந்தால் நீலமும் வெள்ளையும்தான் கண்ணில் படும். மிச்சிகன் வந்தால் மஞ்சள். அங்கெல்லாம் படித்துவிட்டு நியூயார்க்கில் வேலை பார்ப்பவர்களுக்கு, ரயிலேறி வந்து தங்கள் அணியைப் பார்க்க ஒரு மைதானம் கிடைத்துவிட்டது. எங்கள் மாணவர்களோ வெள்ளிக்கிழமை சாயங்காலமே அம்மா சாப்பாட்டுக்கு வீட்டுக்குக் கிளம்பும் ரகம். வீடு அரை மணி, ஒரு மணி தூரத்தில்தான். ஞாயிற்றுக்கிழமை பார்க்க ஜயண்ட்ஸ், ஜெட்ஸ் என்ற தொழில்முறை ஃபுட்பால் அணிகளும் இதே நியூ ஜெர்சியில்தான் ஆடுகிறார்கள்.

எனக்கு இதைவிட வயிற்றெரிச்சல் வேறொன்றில். நியூ ஜெர்சி பள்ளிகளில் திறமைக்குப் பஞ்சமே இல்லை. நல்ல பையன்கள் வெளியே போய்விடுவார்கள், அவ்வளவுதான். அந்த 78-0 ஆட்டத்தில் மிச்சிகனுக்காக டச்டவுன் போட்ட ஜப்ரில் பெப்பர்ஸ் நம் ஊர்ப் பையன். எதிரணித் தடுப்பில் நின்ற ரஷான் கேரியும் நம் ஊர்தான், இருவரும் ஒரே பள்ளி, பராமஸ் கத்தோலிக்கில் படித்தவர்கள். மிங்கா ஃபிட்ஸ்பேட்ரிக் அலபாமாவுக்குப் போனார். ஜோனதன் டெய்லர் ரட்கர்ஸுக்கு முதலில் சம்மதம் சொல்லிவிட்டு விஸ்கான்சினுக்குப் போனார். ஜெயிக்காததால் வரமாட்டார்கள், வராததால் ஜெயிக்கமாட்டோம். கைல் மொனங்காய் மாதிரி யாராவது ஊரிலேயே தங்கினால், 2023-ல் பிக் டென்னிலேயே அதிக யார்டு ஓடியவர் எங்கள் ஆள் என்று சொல்லிக்கொள்ளலாம். அந்த வருடம் 7-6, ஏழு வெற்றி ஆறு தோல்வி.

ஆள் கிடைத்தால் மட்டும் போதுமா என்றால், அதுவும் இல்லை. கூடைப்பந்தில் 2024-25 சீசனுக்கு டிலன் ஹார்ப்பரும் ஏஸ் பெய்லியும் ஒரே நேரத்தில் வந்தார்கள். அடுத்து என்பிஏ என்ற தொழில்முறை லீக் நடத்திய வீரர் தேர்வில் இரண்டாவதாகவும் ஐந்தாவதாகவும் எடுக்கப்பட்டவர்கள். அப்படி இருவரை வைத்துக்கொண்டு கெனசா ஸ்டேட்டிடம் தோற்று, கடைசியில் 15-17 என்று முடித்தோம். சுற்றிலும் நிற்க அனுபவசாலி மூன்று பேர் வேண்டும். அவர்களுக்கும் இப்போது விலை உண்டு. இந்த வருத்தத்தை மட்டும் நான் பணத்தின் மேலோ முகவரியின் மேலோ போட முடியவில்லை. கோச்சைத் திட்டிக்கொள்கிறேன்.

எங்கள் அலுவலகத்தில் கனெக்டிகட் பல்கலைக்கழகத்தில் படித்த ஆந்திரக்காரர் ஒருவர் இருக்கிறார். ஒரு காலத்தில் இரண்டு கல்லூரியும் பிக் ஈஸ்ட் என்ற ஒரே கான்ஃபரன்ஸில் ஆடியவை. 2012-ல் அழைப்பு எங்களுக்கு வந்தது, அவர்களுக்கு வரவில்லை. அதற்குப் பிறகு அவர்கள் ஆண்கள் கூடைப்பந்தில் 2014, 2023, 2024 என்று மூன்று தேசியப் பட்டம் வாங்கிவிட்டார்கள். அவர்கள் ஃபுட்பாலோ எந்தக் கான்ஃபரன்ஸிலும் சேராமல் தனியாக அலைகிறது. “காசு உங்களுக்கு, கோப்பை எங்களுக்கு” என்பார். காசும் முழுசாக வரவில்லை, விளையாட்டுத் துறைக் கணக்கில் வருடா வருடம் துண்டுதான் விழுகிறது என்று நான் அவரிடம் சொல்வதில்லை.

மாற்றிக்கொள்கிறாயா என்று கேட்டால், ஃபுட்பாலைத் தரமாட்டேன். கூடைப்பந்தை வேண்டுமானால் இன்றைக்கே பேசலாம்.