2147483647

இரவு 11 மணி இருக்கும். ஷிஃப்டில் இருந்த தம்பி போன் செய்தான். "அண்ணா, மேப்ல ஒரு லாரிகூட நகரல." சரக்கு லாரிகளின் ஜிபிஎஸ் பதிவுகளைச் சேமித்து வைப்பது எங்கள் வேலை. ஆபீசுக்கு ஓடிப்போய் சிஸ்டம் தன் பிழைகளை எழுதிவைக்கும் லாக்கைத் திறந்தால், ஒரே வரி திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்தது: டூப்ளிகேட் என்ட்ரி, 2147483647.

எண்ணைப் பார்த்ததுமே புரிந்துவிட்டது. டேபிளில் ஒவ்வொரு பதிவுக்கும் விழும் வரிசை எண்தான் ஐடி. அதற்கு 32 பிட், அதாவது 0 அல்லது 1 எழுதும் 32 இடங்கள்தான் கொடுத்திருந்தோம். அதில் ஒன்று கூட்டல், கழித்தல் குறிக்குப் போய்விடும். மீதி 31 பிட்டில் அடங்கும் ஆகப் பெரிய எண் இது. இதற்கு மேல் ஐடி இல்லாததால் புதுப் பதிவு எதுவும் ஏறவில்லை. 31 இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கழித்தால் வரும்.

214 கோடி எங்கே தீரப்போகிறது என்று நினைத்து டேபிளைப் போட்டவன் நான்தான். 2,000 லாரி, நிமிடத்துக்கு ஒரு பதிவு என்றால் ஒரு நாளைக்கே 28 லட்சத்து 80 ஆயிரம். வகுத்துப் பார்த்திருந்தால் 745 நாள்தான் தாங்கும் என்று அன்றைக்கே தெரிந்திருக்கும். அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது.

பழைய டேபிளை மாற்ற உட்கார்ந்தால் விடிந்துவிடும். அதனால் 64 பிட் ஐடியோடு ஒரு காலி டேபிள் போட்டு, பழைய டேபிளின் பெயரை அதற்கு வைத்து, 2147483648-இல் தொடங்கினோம். லாரிகள் நகர ஆரம்பித்தன. பழைய பதிவுகளைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்ற விட்டுவிட்டுக் காத்திருந்தோம்.

அப்போதுதான் தம்பியிடம் சொன்னேன், நம்மை நிறுத்திய எண் ஒரு பகா எண் என்று. 1772-இல் கணித மேதை ஆய்லர் அதை நிரூபித்தார். அப்போது அவருக்குக் கண்பார்வை ஏறக்குறைய போய்விட்டிருந்தது.

"கம்ப்யூட்டர் இல்லாம எப்படிண்ணா?"

இதன் வர்க்கமூலம் 46,340-ஐச் சற்றே தாண்டும். அதற்குள் இருக்கும் பகா எண்களால் வகுத்துப் பார்த்தால் போதும். ஆய்லர் அதையும் சுருக்கினார். இதை வகுக்கும் பகா எண் ஏதாவது இருந்தால், அதை 248-ஆல் வகுக்கும்போது மீதி 1 அல்லது 63 வந்தே ஆகவேண்டும். அப்படிப்பட்ட எண்கள் மொத்தமே 370 சொச்சம். அவற்றில் பல பகா எண்களே அல்ல.

தம்பி நோட்டை எடுத்து 63, 311, 559 என்று எழுதினான். 63-ஐ அடித்தான். 311-ஆல் வகுத்தான், மீதி 35. 559 என்பது 13 பெருக்கல் 43 என்று கண்டுபிடித்து அதையும் அடித்தான். 1303 வந்தது, மீதி 226. டீ ஆறிப்போனது.

"சரி, புது ஐடியோட எல்லை?" என்றான். 9223372036854775807. பார்க்கத்தான் பெரிசு, 7-ஆலேயே வகுபடும். இந்த முறை முதலில் நாள் கணக்கைப் போட்டுப் பார்த்தோம்: 870 கோடி வருஷத்துக்கு மேல் வந்தது.

அப்புறம் மற்ற டேபிள்களையும் ஒவ்வொன்றாகத் திறந்தோம். டீசல் பதிவு டேபிளின் ஐடி 190 கோடியைத் தாண்டியிருந்தது.